லிவர் நிற்கும் இடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருந்த லோகா கண்ட்ரோல்ஸ் கம்பெனியில் ஒரே ஒரு கண்ணாடி அறை. கதவில் ‘டிசைன்’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு மேஜை, ஒரு வரைபலகை, ஒரு சுழல்நாற்காலி. நாற்காலியில் தங்கவேல்.

அந்த நாற்காலிக்கு வந்து சேர அவருக்குப் பாதி ஆயுள் ஆகியிருந்தது. பிறந்தது திருமுல்லைவாயில். அப்பா அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியவர். வயல் போய் அங்கே தொழிற்சாலை வந்ததும், அதே மண்ணில் காவல்காரராக நின்றார். முன்னேற்றம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். தொப்பி கொடுத்திருந்தார்கள்.

தங்கவேல் ஐ.டி.ஐ. முடித்து, லோகா கண்ட்ரோல்ஸில் சேர்ந்து, மாலை நேர வகுப்பில் டிப்ளமோவும் வாங்கினார். எண்பதுகளில் கம்பெனி ரேடியோவுக்கும் டி.வி.க்கும் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ் செய்துகொண்டிருந்தது. குமிழுக்குள் ஒரு கரித் தடம் இருக்கும். அதன்மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். நாக்கு தடத்தில் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற அளவு மின்னழுத்தம் வெளியே வரும். இதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. பட்டறையில் ‘பாட்’ என்பார்கள். பழைய ரேடியோவில் குமிழைத் திருகும்போது கரகரவென்று கேட்குமே, அது நாக்கும் தடமும் ஒன்றையொன்று தின்னும் ஓசை. தங்கவேல் அந்த ஓசையைக் குறைத்தே மேலே வந்தவர். கம்பெனியில் அவரைவிட நன்றாக பாட் தெரிந்தவர் இல்லை. பாட்டைத் தவிர வேறெதுவும் தெரிந்தவராகவும் அவரை யாரும் சொன்னதில்லை.

தொண்ணூறு பிறந்ததும் டி.வி. கம்பெனிகள் குமிழை விட்டுப் பொத்தானுக்கு மாறின. முதலாளி வேலுசாமி கிரேனுக்கு மாறினார். தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே இரும்பைத் தூக்கிக்கொண்டு போகும் கிரேன்களில் அதுவரை ஆளுயர நெம்புகோல்கள் இருந்தன. இப்போது உள்ளங்கையில் அடங்கும் ஜாய்ஸ்டிக் வந்தது. ஓட்டுகிறவன் கைப்பிடியை எவ்வளவு சாய்க்கிறானோ அவ்வளவு வேகம். நடுவில் விட்டால் கிரேன் நிற்கும். ஜாய்ஸ்டிக்குக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கைப்பிடி, பட்டறை மொழியில் லிவர், இப்போது எங்கே நிற்கிறது என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். மனிதர்களில் பலருக்கே வராத வேலை.

அதைச் சொல்ல தங்கவேல் பாட் வைத்தார். லாரி வைப்பர் மோட்டார் ஒன்றை லிவரோடு பிணைத்து இரவும் பகலும் ஆட்டவிட்டார். வைப்பர் மோட்டார் எரிந்துபோனது. பாட் எரியவில்லை. அந்த வாரம்தான் வேலுசாமி அவருக்குக் கண்ணாடி அறையைக் கொடுத்தார். திருமுல்லைவாயிலில் தெருக் குழாயடியில் கன்னியம்மா தன் வீட்டுக்காரர் ‘டிசைன்ல கீறார்’ என்று அறிவித்தாள். டிசைன் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆயுத பூஜை முடிந்து சில வாரங்கள் கழித்து லிவர்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முதல் வருஷம் அதைக் கெட்ட நேரம் என்றார்கள். இரண்டாம் வருஷமும் அதே மாதம் ஒரு கோணிப்பை வந்தது. வேலுசாமி கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். குரலை உயர்த்தமாட்டார். கோணிப்பையைத் தானே தூக்கிவந்து தங்கவேலின் வரைபலகைமேல் கொட்டினார்.

“இதென்னப்பா தங்கவேலு?”

“லிவர் சார்.”

“அது எனக்கும் தெரியுது. எதுக்கு வந்திருக்குது?”

“பாட் அவுட்டு சார்.”

“போன வருசமும் இதையேதான் சொன்னே. இங்க பாரு. இன்னொருக்கா ஒரு லிவர் திரும்பி வந்துச்சுன்னா இந்த ரூம்ல மாப்பிள்ளை உக்காருவாரு. நீ ஸ்டோர்ஸுக்குப் போயிரு. வேலையவிட்டு அனுப்ப மாட்டேன், பயந்துக்காதே.”

ஸ்டோர்ஸ் என்பது கம்பி வலைக்குப் பின்னால் இருந்த இருட்டு. அங்கே உட்கார்ந்து கையுறையும் எண்ணெய் துடைக்கப் பனியன் வேஸ்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாற்காலிக்குப் பதில் ஸ்டூல். வேலுசாமி சொன்னதைச் செய்கிறவர். அதைத்தான் ஊரில் அவருடைய நல்ல குணமாகச் சொல்வார்கள்.

தங்கவேல் ஒரு லிவரைப் பிரித்தார். தடத்தின்மேல் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. துரு என்று நினைத்துக் கீறினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். கோயில் வாசனை அடித்தது.

லிவர்களில் ஒன்று பூந்தமல்லி சாலையில் இருந்த ஓர் இரும்புக் கிடங்கிலிருந்து வந்தது. தங்கவேல் கம்பெனி மொபெட்டில் அங்கே போனார். கிரேனை ஓட்டுகிறவன் பெயர் மதுரைவீரன். கூரையை ஒட்டிய கேபினிலிருந்து அவனை இறக்குவதைவிட இவர் ஏறுவது எளிதாக இருந்தது.

“ஆய்த பூஜைக்கு இந்த லிவருக்கு இன்னா பண்ணினே?”

“எல்லாருக்கும் பண்றதுதான் சார். தண்ணி ஊத்திக் கழுவி, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் குத்தி வெச்சேன்.”

“லிவரைச் சுத்தி ரப்பர் உறை போட்டிருக்குமே. அதையும் தாண்டி உள்ள எப்படிப் போச்சு?”

“தூக்கினு வெச்சேன்.”

“ரப்பரை ஏன் தூக்கினே?”

“தூக்காம எப்படி சார்? மேலாக்கப் பொட்டு வெச்சா அது ரப்பருக்கு வெச்ச பொட்டு. மிஷினுக்கு யார் வெப்பா?”

தங்கவேலுக்கு இது நியாயமாகப் பட்டது. அதுதான் சிக்கல்.

“உள்ள கரித் தடம் கீது மதுரைவீரா. அதுமேல ஒரு நாக்கு உரசிகினு போவும். தூள் பட்டா நாக்கு தடுமாறும்.”

“நாக்கு வேற கீதா? சொல்லக் கூடாதா சார், ஒரு வாய் பொங்கல் வெச்சிருப்பேனே.”

“வெளாடாதே. அடுத்த வருஷம் ஒரு வருஷம் மட்டும் பூஜை வேணாம். என் வேலையே இதுல கீது.”

“நைனா, நீ தரையில நின்னுகினு வேலை பாக்குறே. நான் அந்தரத்துல குந்திகினு கீறேன். பூஜை போடாம ஏறி ஏதாவது ஆச்சுன்னா என் ஊட்ல வந்து நீயா பதில் சொல்லுவே?”

தங்கவேல் இறங்கி வந்தார். திரும்பும் வழியில் ஒரு யோசனை தோன்றியது. லிவரோடு கொடுக்கும் விளக்கப் புத்தகத்தில் ‘பூஜை செய்யாதீர்’ என்று அச்சடித்துவிடலாம். புத்தகத்தை ஓட்டுகிறவர்கள் படிப்பதில்லை. முதலாளி படிப்பார். லோகா கண்ட்ரோல்ஸ் வாசலில் ஆயுத பூஜையன்று உடைகிற பூசணிக்காய்களின் எண்ணிக்கை நினைவுக்கு வந்து, அந்த யோசனையை அம்பத்தூர் எல்லைக்கு வெளியிலேயே விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை இராமகிருஷ்ணன் பெங்களூரில் படித்து, அங்கேயே ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு, மாமனாரின் தொழிலை நவீனப்படுத்த வந்திருந்தார். நவீனம் இதுவரை மூன்று கேட்லாக் அளவுக்கு வந்திருந்தது. அவற்றை வேலுசாமியின் மேஜைமேல் பரப்பி மூவரும் உட்கார்ந்தார்கள். பாட் இல்லாமல் லிவரின் இடத்தை அறிய உலகத்தில் என்னென்ன வழி உண்டு என்று பார்த்தார்கள்.

ஒளியை வைத்து அறியும் வழி ஒன்று இருந்தது. விளக்குக்கும் அதைப் பார்க்கும் கண்ணுக்கும் நடுவே ஓட்டை போட்ட தட்டு சுழலும். தூசி பட்டால் கண் தெரியாது. தூசி இல்லாத இரும்புக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டு அதை ஒதுக்கினார்கள். கம்பிச் சுருளை வைத்து அறியும் வழி இன்னொன்று. நம்பகமானது, எதற்கும் அசையாதது. ஆனால் லிவரைவிடச் சுருள் பெரிதாக இருந்தது. மூன்றாவது கேட்லாக்கின் அட்டை வழவழப்பாக இருந்தது.

“ஹால் சென்சார்,” என்றார் இராமகிருஷ்ணன். “எதையும் தொடாது. உரசல் இல்ல, தேய்மானம் இல்ல.”

“தொடாம எப்படி சார் தெரியும், லிவர் எங்க கீதுன்னு?” என்றார் தங்கவேல்.

“லிவர் அடியில ஒரு காந்தம் வெப்போம். கீழ ஒரு சில்லு. காந்தம் எவ்வளவு சாயுதுன்னு சில்லுக்குத் தெரிஞ்சிடும். சில்லைப் பிசின்ல மூழ்கடிச்சு அடைச்சிடலாம். தண்ணி, தூள், எது வேணா கொட்டட்டும்.”

“குங்குமம் கொட்டினா?”

“கொட்டட்டுமே.”

தங்கவேலுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் நாக்கையும் தடத்தையும் கட்டிக்கொண்டு மாரடித்தவரிடம், தொடாமலே எல்லாம் தெரியும் என்று ஒரு சில்லு சொல்கிறது. ஆனால் காலையில் கண்ணாடி அறையையும் கம்பி வலையையும் மாறி மாறிப் பார்த்தார். மதியத்துக்குள் ஹால் சென்சாரின் மேன்மைகளை அவரே கடைநிலை ஊழியர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மாதிரி லிவர் தயாரானதும் சோதனை நடந்தது. வைப்பர் மோட்டார் சோதனை போதாது என்று தங்கவேலுக்கு இப்போது தெரியும். முதலாளியின் மனைவி லோகநாயகி தாம்பாளத்தோடு வரவழைக்கப்பட்டார். ரப்பர் உறையைத் தூக்கி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சந்தனம் அப்பினார்கள். குங்குமத்தைக் கைநிறைய எடுத்து உள்ளே தட்டினார்கள். விபூதி தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். லிவர் ஆடிக்கொண்டே இருந்தது. மீட்டர் முள் பிசகவில்லை.

“பால் ஊத்தலாமா?” என்றார் லோகநாயகி.

“ஊத்துங்கம்மா,” என்றார் தங்கவேல்.

பாலுக்கும் பிசகவில்லை. கற்பூரம் காட்டி முடித்ததும் வேலுசாமி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உலகத்தில் எந்த ஜாய்ஸ்டிக்கும் இவ்வளவு கடுமையாகச் சோதிக்கப்பட்டிருக்காது என்று மூவரும் நம்பினார்கள். அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி இருந்தது. பழைய லிவரில் நடு இடத்துக்கென்று தனியாக ஒரு பொடி ஸ்விட்ச் உண்டு. லிவர் நடுவில் நின்றால் அது மின்சாரத்தையே துண்டித்துவிடும். பாட் என்ன உளறினாலும் கிரேன் நகராது. அது உரசும் பொருள். தேயும். தொடாத கருவிக்குள் தொடுகிற ஸ்விட்ச் ஒன்று இருந்தால் கேட்லாக்கில் எப்படிப் போடுவது என்று இராமகிருஷ்ணன் கவலைப்பட்டார். தங்கவேலுக்கும் அது கறைபோலத் தோன்றியது. புதிதாக மதம் மாறியவரின் பக்தி அவருடையது. ஸ்விட்சைத் தன் கையாலேயே படத்திலிருந்து அழித்தார்.

“அப்ப இதையே போட்டுரலாமா?” என்று வேலுசாமி மாப்பிள்ளையைக் கேட்டார்.

“தங்கவேல் சார்தான் சொல்லணும். டிசைன் அவரோடது,” என்றார் இராமகிருஷ்ணன்.

“சொல்லுப்பா. நீ சொன்னாப் போடறேன்.”

இப்படி ஒரு வாக்கியத்தை முதலாளி வாயிலிருந்து கேட்கத்தான் தங்கவேல் இத்தனை காலம் உழைத்திருந்தார். “போடலாம் சார்,” என்றார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. போனது. தங்கவேல் வாசலில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தார். கோணிப்பை வரவில்லை. கார்த்திகை போனது, வரவில்லை. தானே போய் மதுரைவீரனை விசாரித்தார். இந்த முறை இரண்டு பங்கு குங்குமம் வைத்ததாகவும் லிவர் வெண்ணெய்போல ஓடுவதாகவும் அவன் சொன்னான். திரும்பி வந்து சுழல்நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று முழுதாகச் சுற்றினார். கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்தார்கள்.

வேலுசாமிக்கும் சந்தோஷம். சந்தோஷம் வந்தால் அவர் சாமிக்கு ஏதாவது செய்வார். வருஷா வருஷம் புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுப்பது வழக்கம். அது மேனேஜர் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். இந்த வருஷம் லிவரைப் பிடிக்கிறவன் கண்ணெதிரே நிற்பதாக ஒன்று கொடுக்க வேண்டும் என்றார். பாரிமுனையில் சொல்லிவைத்து ஒரு பெட்டி வந்தது. கட்டைவிரல் உயரத்துக்குத் தங்க நிறப் பிள்ளையார். பீடத்தில் ‘லோகா கண்ட்ரோல்ஸ்’ என்று பொறித்திருந்தது. பீடத்துக்கு அடியில் வட்டமான காந்தம். இரும்பில் வைத்தால் கிரேன் குலுங்கினாலும் விழாது.

“நல்லாப் புடிக்குதான்னு பாரு,” என்றார் வேலுசாமி.

தங்கவேல் ஒன்றை எடுத்து முதலாளியின் இரும்புப் பீரோவில் வைத்து, பிய்த்து, மறுபடி வைத்தார். “நல்ல பவர் சார்,” என்றார். இராமகிருஷ்ணனும் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டு ஆமோதித்தார். காந்தத்தை வைத்து இடமறியும் கருவி செய்கிற கம்பெனியின் மூளைகள் மூன்றும் அந்த அறையில்தான் இருந்தன. மூன்றும் பிள்ளையாரின் முகவெட்டு நன்றாக இருப்பதாகப் பேசிக்கொண்டன.

விநியோகம் தங்கவேலிடம் கொடுக்கப்பட்டது. பெரும்பாலான ஓட்டுநர்கள் பிள்ளையாரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய் வீட்டுப் பீரோவிலோ மொபெட் டேங்கிலோ ஒட்டிவிட்டார்கள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. மதுரைவீரனுக்கு மட்டும் தங்கவேல் தனி மரியாதை செய்தார். சாப்பாட்டு இடைவேளையில் ஏணி ஏறிப் போய், லிவரின் ரப்பர் உறைக்குப் பக்கத்தில், இரும்புப் பலகைமேல் தன் கையால் பிள்ளையாரை நிறுத்தினார். கிரேனின் மெயின் ஸ்விட்ச் அணைந்திருந்தது.

“பூஜை வேணாம்னியே. இப்ப நீயே சாமியக் கொண்டாந்து குந்த வெக்கிறியே அண்ணாத்தே,” என்றான் மதுரைவீரன்.

“அது பழைய டெக்னாலஜி,” என்றார் தங்கவேல்.

பொங்கல் முடிந்து கம்பெனி திறந்த வாரம் கிடங்கிலிருந்து போன் வந்தது. லிவர் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. உடனே வந்து பார்க்கச் சொன்னார்கள். குரலில் புகார் இல்லை, ஒரு மாதிரிப் பணிவு இருந்தது. தங்கவேலுக்கு அதுதான் பயமாக இருந்தது.

கிடங்கில் செருப்புகள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. உள்ளே கிரேனின் கொக்கி ஆள் தலைக்குச் சற்று மேலே, ஒரு இரும்புத் தகட்டுக் கட்டைச் சுமந்தபடி, மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. கீழே பத்துப் பதினைந்து பேர் அண்ணாந்தபடி கூடவே நடந்தார்கள். கேன்டீன் நடத்தும் ராஜம்மா கொக்கிக்கு நேர் கீழே கற்பூரத் தட்டோடு போய்க்கொண்டிருந்தாள்.

தங்கவேல் ஏணியில் ஏறினார். மதுரைவீரன் கேபினில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். லிவர் நடுவில் நின்றது. கிரேன் ஓடிக்கொண்டிருந்தது.

“வா அண்ணாத்தே. உன்னைத்தான் பாத்துகினு கீறேன். நான் தொடவே இல்லை. மெயின் போட்டா தானே கிளம்புது. கடைசி வரைக்கும் போயி முட்டுக்கட்டையில நிக்குது. நான் திருப்பிக் கொண்டாந்து விட்டா மறுபடி கிளம்புது.”

“எப்பத்திலேருந்து?”

“நீ சாமிய வெச்சிட்டுப் போன அன்னியிலேருந்து. மொதல்ல கொஞ்சமாத்தான் அசைஞ்சுது. ரெண்டு நாள் முன்ன நான் கிட்டத்துல நவுத்தி வெச்சேன், பூ போட வசதியா. அதுலேருந்து நல்லா ஓடுது.”

தங்கவேல் பிள்ளையாரைப் பிய்த்து மடியில் வைத்தார். கிரேன் நின்றது. திரும்ப வைத்தார். கிரேன் நடந்தது.

“பாத்தியா,” என்றான் மதுரைவீரன். “நான் குந்தி ஓட்டுறதுக்கு சம்பளம் வாங்க வெக்கமா கீது.”

தங்கவேலுக்கு விளங்கியது. சில்லுக்குக் காந்தம் தெரியும். அது யாருடைய காந்தம் என்று தெரியாது. பக்கத்தில் பிள்ளையார் வந்து உட்கார்ந்ததும் லிவர் சாய்ந்துவிட்டதாக அது உள்ளபடி நம்பி, உள்ளபடி சொல்லிக்கொண்டிருக்கிறது. பொய் என்று சொல்லி நிறுத்தப் பொடி ஸ்விட்ச் இல்லை. அதை அழித்த கை இப்போது பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியதும் விளங்கியது. பிள்ளையாரைக் கேபின் ஜன்னல் சட்டத்துக்கு மாற்றிவிட்டால் போதும். லிவர் ஒழுங்காக வேலை செய்யும். எந்த லிவரும் திரும்பி வராது. ஜன்னல் சட்டத்தில் வைத்தார்.

“அங்க வேணாம், வெயில் அடிக்குது சாமிக்கு,” என்று மதுரைவீரன் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான்.

“மதுரைவீரா, அது சாமி இல்லை. அடியில காந்தம் கீது. அதான் இழுக்குது.”

“எங்க ஊட்டு பீரோவுல கூட காந்தம் கீது. பீரோ நடக்குதா?”

“இந்த லிவர் வேற. இது காந்தத்துல வேலை செய்யுது.”

“அதான் நானும் சொல்றேன். இந்த லிவர்ல சாமி கீதுன்னு. நீ காந்தம்ன்றே, நான் சாமின்றேன். இன்னாத்துக்கு சண்டை?”

தங்கவேல் கீழே பார்த்தார். ராஜம்மா கொக்கி முட்டுக்கட்டையில் போய் நின்ற இடத்தில் நின்று, தகட்டுக் கட்டுக்குக் கீழே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டைப் பிணைத்திருந்த சங்கிலி பழையது. தான் ஏணியை விட்டு இறங்கியதும் பிள்ளையார் எங்கே இருப்பார் என்பது தெரியும். நாளைக்கு இன்னும் கிட்டே வைப்பான். நாளைக்கு ராஜம்மாவோடு பிள்ளைகளும் நடக்கும்.

நிமிர்ந்தபோது அவர் மனக்கண்ணில் தெரிந்தது ஒரு கண்ணாடி அறையும் ஒரு சுழல்நாற்காலியும். பெரிய மனிதர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் மனசாட்சியின் குரலைக் கேட்பார்களாம். தங்கவேலுக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

“இன்னா பண்றே?”

“கழட்டுறேன்.”

“நல்லாத்தானே ஓடுது.”

“அதான் கழட்டுறேன்.”

“அண்ணாத்தே, வேணாம். சாமி கையைப் புடுங்கிகினு போற மாதிரி கீது. கீழ அவ்ளோ ஜனம் கீது, உன்னை உயிரோட உட மாட்டாங்க.”

“உன் பழைய நெம்புகோல் மூலையில கெடக்குதா?”

“கெடக்குது.”

“அதை மாட்டி ஓட்டு. ஒரு மாசம்.”

கீழே இறங்கியபோது வழிவிட்டார்கள். யாரும் கை வைக்கவில்லை. ராஜம்மா மட்டும் தட்டைக் கீழே வைத்து, வாசல் வரைக்கும் கூடவே வந்து, அவர் கை அழுகும் என்றும், மொபெட் நடுவழியில் நிற்கும் என்றும், இன்னும் அச்சில் ஏற்ற முடியாத சிலவற்றையும் சொன்னாள். மொபெட் நிற்கவில்லை.

லிவரை வேலுசாமியின் மேஜைமேல் வைத்தார். எதிரே இரும்புப் பீரோவில் பிள்ளையார் இருந்தார். இராமகிருஷ்ணன் பக்கத்து நாற்காலியில்.

“திரும்பி வந்துருச்சா?” என்றார் வேலுசாமி.

“வரல சார். நான்தான் கொண்டாந்தேன்.”

“அதைத்தான் திரும்பி வர்றதுங்கறது.”

தங்கவேல் சொன்னார். கிரேன் நடந்ததையும், பிள்ளையாரை எடுத்தால் நின்றதையும், ராஜம்மா கீழே நின்றதையும் சொன்னார். வேலுசாமி பீரோவைப் பார்த்தார்.

“நான் குடுத்த பிள்ளையாரா?”

“ஆமா சார்.”

“அப்ப சாமி மேல தப்புங்கறே.”

“இல்ல சார். நம்ம மேல. பக்கத்துல வேற காந்தம் வந்தா இன்னா ஆவும்னு நாம யாரும் பாக்கல. பால் ஊத்திப் பாத்தோம்.”

வேலுசாமி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். இராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது பெரிய விஷயம் இல்ல மாமா. லிவரைச் சுத்தி இரும்பு உறை போட்டா வெளிக் காந்தம் உள்ள போகாது. நடு ஸ்விட்சையும் திரும்ப வெச்சிடலாம். எல்லாரும் செய்றதுதான்.”

“இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் மாமா. யாரும் கேக்கல.”

சாமியைக் குற்றம் சொல்ல முடியாது. சாமியை வாங்கிக் கொடுத்தவரைச் சொல்ல முடியாது. மாப்பிள்ளையைச் சொன்னால் மகள் வீட்டில் பிரச்சினை. மிச்சம் இருந்தவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“உன்னைக் கேட்டுத்தானப்பா போட்டேன்,” என்றார் வேலுசாமி. குரலில் வருத்தம் இருந்தது. உண்மையான வருத்தம்.

“ஆமா சார். நான்தான் போடலாம்னேன்.”

“நான் ஒரு வார்த்தை சொல்லீட்டேன். மாத்துனா நாளைக்கு எவனும் என்னை மதிக்க மாட்டான்.”

“சரி சார்.”

இரும்பு உறை போட்ட புதிய லிவர் கோடையில் வெளியே போனது. நன்றாக விற்றது. காந்தப் பிள்ளையார் இப்போது லிவரின் உறைமேலேயே கச்சிதமாக உட்கார்ந்தார். எந்தக் கிரேனும் நகரவில்லை. இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே மனதில் வைத்திருந்ததாக வேலுசாமி வாடிக்கையாளர்களிடம் சொன்னார். மதுரைவீரனுக்கு மட்டும் மனக்குறை. புது லிவரில் உயிர் இல்லை என்றான்.

ஸ்டோர்ஸுக்கு மாறிய அன்று தங்கவேல் வழக்கமான ரயிலில் வீடு திரும்பி, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். கன்னியம்மா விஷயத்தை வாங்கப் பெரிய முயற்சி எதுவும் செய்யவில்லை. கிடங்கில் நடந்ததெல்லாம் அவளுக்கு அவர் ஏற்கெனவே சொன்னதுதான். காபியை வைத்துவிட்டு எதிரே குந்தினாள்.

“தள்ளிட்டாங்களா?”

“ம்.”

“நீ கம்முனு பொம்மையை நவுத்தி வெச்சிட்டு வந்திருக்கலாம்.”

“வெச்சேன். அவன் எடுத்து அங்கியே வெச்சிட்டான்.”

“அந்தப் பொம்பள, கற்பூரம் காட்டினாளே. அவளுக்குத் தெரியுமா, நீ இன்னாத்துக்குக் கழட்டினேன்னு?”

“தெரியாது. மண்ணை வாரித் தூத்தினா.”

கன்னியம்மா டம்ளரை எடுத்துக்கொண்டாள். பிறகு, “தூத்தட்டும். தூத்துறதுக்கு உயிரோட கீறா இல்ல,” என்று எழுந்து போனாள்.

மறுநாள் காலை குழாயடியில் யாரோ கேட்டிருக்க வேண்டும். தங்கவேல் பல் துலக்கிக்கொண்டே உள்ளிருந்து கேட்டார்.

“டிசைன்ல இன்னா கீது,” என்று கன்னியம்மாவின் குரல் வந்தது. “ரூம்புல குந்திகினு கோடு போடறது. இப்ப கம்பெனிச் சாவி மொத்தமும் எங்க ஊட்டுக்காரர் கையிலதான். மொதலாளிக்கு ஒரு துணி வேணும்னாக்கூட இவரைத்தான் கேக்கணும்.”

கம்பெனிச் சாவி வேலுசாமியிடம்தான் இருந்தது. தங்கவேலிடம் இருந்தது கையுறை அலமாரியின் சாவி. அவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். அன்றிலிருந்து அந்தச் சாவியைப் பாக்கெட்டில் போடுவதை விட்டுவிட்டு, தெருவுக்குத் தெரியும்படி பெல்ட்டில் மாட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்.